முழங்கை வரை கயிறு

1

இந்தக் கதையை என் மனைவி எனக்குச் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அவள் வேலைக்கு ஆபத்து வந்தால் திட்டு வாங்கப்போவது நான்தான். நெவேனா எங்கள் யாம்பொல் ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆலோசகர். பிள்ளைகள் அவளிடம் சொல்வதைப் பற்றி வீட்டில் மூச்சு விடமாட்டாள். ஒரு மார்ச் முதல் தேதி மாலை, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்து, "நல்லது பண்றேன்னு போய்க் கெடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

மார்ச் பிறந்தும் பனி உருகாத அந்தக் காலையில், தனிமையின்...

(வேண்டாம். தனிமை என்று எழுதினாலே நெவேனா சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.)

லோரா ஆலோசகர் அறைக்குள் வந்து, நாற்காலி காலியாக இருக்க, அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

இது பரவாயில்லை. லோராவுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்பெயினில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே வேலை போனதும் ஊர் திரும்பி, ஆண்டின் நடுவில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த கயிற்றைக் கட்டுவோம். மார்ட்டெனிட்சா என்று பெயர். தனக்குத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. கட்டிய பிறகு, நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றவும் கூடாது. பிள்ளைகள் முழங்கை வரை கட்டிக்கொண்டு திரிவார்கள். லோராவின் கை மொட்டையாக இருந்தது.

"தலை வலிக்குது மேடம்."

"சரி. உக்காந்துட்டு வலிக்கட்டும்."

லோரா உட்காரவில்லை. "வீட்டுக்கு அனுப்பிடுங்க. நாளைக்கும் வரமாட்டேன். இனிமே வரவே மாட்டேன்."

3

ஆலோசகர் (பெயர் வைக்க எனக்குத் தைரியமில்லை) அவளை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நேரே ஆறாம் வகுப்புக்குப் போய், "லோராவுக்கு எல்லாரும் ஆளுக்கொண்ணு கட்டுங்க" என்றார்.

இந்த இடத்தில் நெவேனா தாளைப் பிடுங்கிவிட்டாள்.

"படிச்சவ இப்படி ஒரு மடத்தனம் பண்ணுவாளா?"

"பண்ணமாட்டாளா?"

விதைத் தோலைத் துப்பினாள். "எங்க ஸ்கூல்ல லோரான்னு ஒருத்தியே கிடையாது."

"இருக்கான்னு நானும் சொல்லலையே."

"கட்டுங்கன்னு சொல்லியிருக்கமாட்டா. 'யார்கிட்டயாவது கயிறு மிச்சம் இருக்கா'ன்னுதான் கேட்டிருப்பா." அப்புறம்தான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. எழுந்து அடுப்பில் இருந்த சூப்பைக் கிண்டப் போய்விட்டாள்.

நானும் ஒன்றும் கேட்காமல் திருத்திக்கொண்டேன்.

4

அதன் பிறகு வகுப்புக்குப் போன லோரா, அடுத்த இடைவேளையில் அதே அறைக்குத் திரும்பி வந்தாள். கை முழங்கை வரை சிவப்பும் வெள்ளையும்.

"நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க?"

ஆலோசகர் ஒரு பொய்யை...

(இல்லை. இவர் பொய் சொல்லமாட்டார்.)

"ஆமா. தப்பு பண்ணிட்டேன்."

"வரிசையில நின்னு கட்டினாங்க. தடுப்பூசி போடற மாதிரி."

ஆலோசகர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. லோராவும் சிரித்தாள், பாதியில் அழுதாள்.

"இதைக் கழட்டவும் கூடாது. பாக்கறவங்க எல்லாருக்கும் நான் ஐயோ பாவம்னு தெரியும்."

"எல்லாருமா கட்டினாங்க?"

"ஒரு ஆள் மட்டும் கட்டல. ஏன்னு கேட்டேன். 'எனக்கு உன்னைத் தெரியாதே'ன்னு பதில் வந்துச்சு."

"கோவமா?"

"இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேசினா அந்த ஆள்கூடத்தான் பேசலாம்னு தோணுது. பேசலைன்னா நாளைலேர்ந்து வரல."

"அப்ப போய்ப் பேசு."

"நீங்க போய்ச் சொல்லிடாதீங்க."

"சத்தியமா வாயைத் திறக்கமாட்டேன்."

5

முடிவு ஒன்று: சன்னலுக்கு வெளியே நாரை வந்து இறங்குகிறது.

"மார்ச் ஒண்ணாம் தேதியே, இந்தப் பனியில நாரை வந்தா, அதுக்குத்தான் முதல்ல ஆலோசனை சொல்லணும்" என்றாள் நெவேனா.

முடிவு இரண்டு: வகுப்பே எழுந்து நின்று கைதட்...

(அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு மூன்று: கட்டாத அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தேன், நல்ல மனசு வைத்தேன், லோராவைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன். நெவேனா படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"போய்ச் சொல்லாதேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"நீ போய்ச் சொல்லிட்டியே."

ஆலோசகர் வகுப்புக்குள் போய்ச் செய்ததைத்தான் நான் கதைக்குள் போய்ச் செய்திருந்தேன். சொல்லி வரவழைத்த அன்பு லோராவின் கையில் ஏற்கெனவே முழங்கை வரை இருக்கிறது. இன்னொன்றை நானும் கட்டிவிட மனம் வரவில்லை.

6

ஆகவே ஆலோசகர் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நானும் அவர் பக்கத்தில் நிற்கிறேன். லோரா தனியாக நடந்துபோய் வகுப்புக் கதவைத் தள்ளுகிறாள்.

உள்ளே, கட்டாத அந்த ஒரு ஆள் நீங்கள்தான். உங்களிடம் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. உங்கள் பக்கத்து இருக்கையில் உங்கள் பை இருக்கிறது. லோரா பையைப் பார்க்கிறாள், பிறகு உங்களைப் பார்க்கிறாள்.