அப்துல் ஸமதின் மூன்று லட்சம்

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற அப்துல் ஸமத், பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர். ஈர மிளகை ஈரம் என்பார். அதனாலேயே பாதி வியாபாரத்தை இழப்பார். அப்படிப்பட்டவர் ஆயுளில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னார். அதையும் அரசாங்க முத்திரையோடு சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

விஷயம் இதுதான். அவருடைய மகள் ஷஸ்னா பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறாள். செருப்புக்குள் வைக்கிற மெல்லிய தட்டு ஒன்றைச் செய்திருந்தாள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றினால் பாதம் மரத்துப்போகும், புண் வந்தாலும் தெரியாது. பாதத்தில் எந்த இடம் சூடேறுகிறது என்று அந்தத் தட்டு முன்கூட்டியே போனுக்குச் சொல்லிவிடும். இரத்தோட்டைப் பக்கம் கொழுந்து பறிக்கிற பதினொரு பெண்களின் காலில் நாலு மாதம் போட்டுப் பார்த்து, அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினாள். கோலாலம்பூரில் நடக்கவிருந்த மாநாட்டில் நேரில் வந்து பேசு என்று அழைப்பு வந்துவிட்டது. விமான டிக்கெட், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் மாநாட்டின் மாணவர் நிதியே கொடுக்கும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கிராம சேவகரின் வருமானச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

கிராம சேவகர் தங்கமான மனிதர். ஸமத் ஒரு வார்த்தை சொன்னதுமே சான்றிதழ்ப் படிவத்தோடு கடைக்கு வந்துவிட்டார். வந்த நேரம்தான் சரியில்லை. உள்ளே உக்குவளை ஹாஷிம் ஹாஜியார் உட்கார்ந்து இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரும் மிளகு வியாபாரிதான், ஆனால் பெரிய கை. தன் மகன் றிஸ்வானுக்கு ஷஸ்னாவைக் கேட்டு வந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே பேசி, சரி என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"முதலாளி, மாச வருமானம் எவ்வளவு போடட்டும்?" என்று கிராம சேவகர் சிங்களத்தில் கேட்டார்.

உண்மை எண்பதாயிரம். நல்ல மாதத்தில் தொண்ணூறு. ஸமத் ஹாஜியாரின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஒரு மூணு லட்சம் போடுங்க. அதுக்குக் கொறையாது."

அந்தக் 'கொறையாது' எதற்கு என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கிராம சேவகர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், எழுதினார், முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் காகிதத்தையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று ஸமத் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார்.

மகள் வாசித்தாள். அன்று மாலையே போன் வந்தது.

"வாப்பா, நாம எப்ப பணக்காரரானோம்?"

"ஹாஜியார் பக்கத்துல இருந்தாரு மகள். அவர் முன்னால எப்படி..."

"ஹாஜியாரா என்னைய மாநாட்டுக்கு அனுப்பப் போறாரு? வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்கு முந்தி சரியான கடிதம் போகணும் வாப்பா. இல்லாட்டி என்ட எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பொம்பளைங்க நாலு மாசம் என் பேச்ச நம்பி அதப் போட்டுக்கிட்டு நடந்தாங்க. அவங்களுக்கு நான் என்னா சொல்ல?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். போனை வைத்துவிட்டு, கடன்பட்டாவது மகளை அனுப்பிவிடுகிறேன் என்று மனைவி மஸீஹாவிடம் வீறாப்பாகச் சொன்னார்.

"கடன் கேக்க வெக்கமில்ல, உண்மைய சொல்லத்தான் வெக்கமா?" என்றாள் மஸீஹா.

வியாழக்கிழமை காலை கிராம சேவகரின் அலுவலகம் திறக்குமுன்பே ஸமத் வாசலில் நின்றார். நடந்ததைக் கேட்ட கிராம சேவகர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முந்தாநாள் மூணு லட்சம்னு என் கையால எழுதினேன். இன்னைக்கு எண்பதாயிரம்னு எழுதினா, நாளைக்கு என்னைத்தான் புடிப்பாங்க. உண்மையான வருமானத்த ஒரு கடிதமா எழுதிக்கிட்டு வாங்க. அன்னைக்குக் கூட இருந்து கேட்டாரே, அவரும் இதே வியாபாரம்தானே? அவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

ஸமத் படியிறங்கினார். யாருக்குத் தெரியக்கூடாது என்று பொய் சொன்னாரோ, அவரிடமே போய் நிற்க வேண்டுமாம். கடிதத்தை எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உக்குவளை பஸ்ஸில் ஏறினார். சம்பந்தம் முறிந்துபோகும், ஊர் சிரிக்கும், மகள் முகத்தில் விழிக்க முடியாது. வழியில் இரண்டு தரம் இறங்கிவிடலாமா என்று பார்த்தார். இறங்கவில்லை என்பதுதான் அந்த மனிதரின் பெருமை.

ஹாஜியாரின் கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லியும் ஸமத் உட்காரவில்லை.

"ஹாஜியார், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். உங்க முன்னால கொறஞ்சு தெரியக் கூடாதுன்னு சொன்னேன். எனக்கு மாசம் எண்பதாயிரம்தான். மகள்ட பயணம் இப்ப இந்தக் காகிதத்துலதான் நிக்குது. சம்மந்தம் வேணாம்னா தாராளமா சொல்லிருங்க. கையெழுத்த மட்டும் போட்டுத் தாங்க."

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை நிதானமாக வாசித்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாரே, கடையே திரும்பிப் பார்த்தது.

"ஸமத் நானா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "மிளகு என்ன வெலைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க கடைல எத்தன மூட்ட கெடக்குதுன்னு உள்ள வரக்குள்ளேயே பாத்துட்டேன். நீங்க மூணு லட்சம்னு சொன்னப்ப, டீ எனக்கு மூக்கால வராம இருந்ததே பெரிய விஷயம்."

"தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா இருந்தீங்க?"

"பொண்ணு கேட்டு வந்த எடத்துல வருமானத்தக் கேட்டுச் சண்ட புடிக்கவா?"

ஹாஜியார் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே, தான் யார் என்று குறிக்கும் இடத்தில் 'வியாபாரி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"சம்மந்தின்னு எழுதத்தான் ஆச. சொந்தக்காரன்ட சாட்சி செல்லாதாமே. கடிதம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் வெறும் வியாபாரிதான், வெளங்கிச்சா?"

ஸமதுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கிராம சேவகர் எழுதிய புதிய சான்றிதழ், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, நாலு மணி போல ஷஸ்னாவின் கைக்குக் கிடைத்தது. அவள் உடனே அனுப்பிவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. முழுச் செலவும் தருகிறார்களாம். ஷஸ்னா போனில் அழுதுகொண்டே சிரித்தாள். மஸீஹா அடுக்களையிலேயே தரையில் நெற்றி பதிய சுஜூதில் விழுந்தாள். செய்தி எப்படித்தான் தெருவுக்குப் போனதோ, மறுநாள் காலை பக்கத்துக் கடை பவாஸ் வந்து நின்றான்.

"ஸமத் நானா, மகள் மலேசியா போறாவாமே? பெரிய செலவாச்சே! வியாபாரம் நல்லாப் போகுது போல."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ஸமத் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரு சதம் என் செலவு இல்ல பவாஸ். வருமானம் இல்லாத வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுக்குற காசு அது. எனக்கு வருமானம் கொஞ்சம்தான். என்ட மகளுக்கு மூள நெறைய."