ராசையாவுக்குப் பதில் சொன்ன வெளிச்சம்

கடலுக்கு ஒரே மொழிதான், அது வெளிச்சம். இதை மேடையில் சொல்லித்தான் மீனவர் சங்கத் தலைவர் ராசையா திருவொற்றியூரில் சால்வை வாங்கினார். சிக்னல் பயிற்சி முகாமில் அவர் கற்றது, ஆபத்தில் டார்ச்சை மின்னவிட்டு உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்து. அதிலும் முதலும் கடைசியும் ஒன்றே.

இப்போது அந்த எழுத்துகளை நம்பி எண்ணூருக்கு வெளியே, கப்பல் தடத்தில், மூன்று உயிர் மிதந்துகொண்டிருந்தது. தலைவர் கடலில் சிக்னல் கொடுப்பதைப் போட்டோ எடுக்க வந்த ஃபைபர் படகு. போட்டோ எடுத்தே போன்களில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அப்புறம் என்ஜின் நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது, கரையைச் சாம்பல் மூட்டம் மறைத்திருந்தது. படகுக்காரன் ஜெயவேலும் அவன் தோஸ்து சுஃபியானும் என்ஜினுக்குள் தலையை விட்டிருக்க, ராசையா முனையில் நின்று டார்ச்சை அமுக்கினார்.

மூட்டத்துக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னியது.

"கப்பல் பதில் குடுக்குது," என்றார். குரலில் சால்வை ஏறியிருந்தது.

"இன்னா சொல்றான் தலைவரே?" ஜெயவேல் தலையைத் தூக்கவில்லை.

ராசையாவுக்கு அனுப்பத்தான் தெரியும். பதிலைப் படிப்பது மறுநாள் வகுப்பு. மறுநாள் அவருக்குப் பாராட்டு விழா.

"பாத்துட்டானாம். அசையாம இருங்கன்றான்."

"துணிய டீசல்ல நனைச்சுக் கொளுத்தவா?" என்றான் சுஃபியான்.

"கேப்டன் பேசிகினு இருக்கசொல்ல குறுக்க நெருப்பக் காட்டுவியா? மரியாத தெரியாத ஆளா கீறியே."

மறுபடி அனுப்பினார். மறுபடி அதே பதில். ஆனால் வெளிச்சம் கொஞ்சமும் கிட்டே வரவில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாமா? நாக்கு வரை வந்ததை, சங்கத் தேர்தல் ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அலறியது. மூவரும் திரும்பினார்கள். இருட்டைவிடக் கறுப்பாக ஒரு சுவர் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அவன் சொன்னது எனக்குப் புரியல," என்றார் ராசையா. "சத்தியமா புரியல. கொளுத்து."

"இப்போ துணியெல்லாம் அலைத் தண்ணில நனைஞ்சு கீது," என்றான் சுஃபியான். "உங்க வேட்டிதான் காஞ்சு கீது."

துடுப்பு நுனியில் வேட்டி எரிந்தது. சுஃபியான் தூக்கி ஆட்டினான். சுவர் நெருங்கியது, இன்னும் நெருங்கியது, பிறகு மெல்ல முகத்தைத் திருப்பியது. அதன் அலை படகைத் தூக்கிப் போட்டது.

நெருப்பைப் பார்த்துவிட்டுத் தூரத்தில் ஒரு காசிமேட்டுப் படகு வந்துகொண்டிருந்தது. ராசையா கோடு போட்ட அண்டர்வேரோடு உட்கார்ந்திருந்தார்.

"கப்பல் இந்தப் பக்கம்ல வந்துச்சு," என்றான் ஜெயவேல். "அப்போ உங்களாண்ட இம்மா நேரம் பேசிகினு இருந்தது யாரு நைனா?"

ராசையா கையை நீட்டினார். வெளிச்சம் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அது அனல் மின் நிலையப் புகைபோக்கியின் உச்சி விளக்கு.