நான்காம் பலகை

கோவைக் கிளப்புக்குள் பேக்கேமன் நுழைந்தது அதன் தலைவர் ரங்கராஜின் பெட்டியில். நெசவு இயந்திரக் கண்காட்சி பார்க்க இஸ்தான்புல் போனவர், எல்லோரும் வாங்குகிற விளக்கையும் இனிப்பையும் வாங்கிவிட்டு, மிச்சமிருந்த எடைக்கு முத்துச்சிப்பி பதித்த ஒரு பலகையையும் வாங்கிவந்தார். கிளப்பின் கண்ணாடி அலமாரியில் அது ஆறு மாதம் சும்மா கிடந்தது. உறுப்பினர்களின் மனைவிமார் ஒன்றுகூடிச் சீட்டாட்ட அறையைப் பூட்ட வைத்த பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது.

"ராஜாக்கள் ஆடின ஆட்டமுங்க" என்றார் ரங்கராஜ்.

பலகையைத் திறந்து பார்த்த மூத்த உறுப்பினர் ஒருவர், "அட, தாயமுங்க இது. பேண்ட் போட்ட தாயம்" என்றார்.

கூட வந்த விதிப்புத்தகத்தை யாரும் படிக்கவில்லை. படித்தவள் ரங்கராஜின் மனைவி வரலட்சுமி. ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை, காய்களைச் சுற்றி நகர்த்தித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வெளியே எடுக்க வேண்டும், தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம், வெட்டுப்பட்ட காய் எதிராளியின் வீட்டு வழியாக முதலிலிருந்து கிளம்ப வேண்டும், கையெடுத்த பிறகு காயைத் திருப்பி வைக்கக் கூடாது என்று ஐந்து வரியில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் அவள்தான். "மேடம் எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க" என்றார்கள். யாரும் ஆடக் கூப்பிடவில்லை.

வீட்டில் கணவருடன் ஆடினாள். இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். ஜெயிப்பதைவிட அது சிரமமான வேலை. ரங்கராஜ் தன் காய்களை மேய்ச்சலுக்கு விட்ட மாடுகள் போல ஒவ்வொன்றாகத் தனியே நிறுத்துவார். அவற்றை வெட்டாமல் தாண்டிப் போக வேண்டும். அதுவும், கவனிக்காமல் போனதுபோல் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் "பரவால்ல, நீயும் தேறிட்டே" என்பார். அதற்கு அவளுக்குக் கோபம் வருவதில்லை. கோபம் வருவதில்லை என்பதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் எங்கெங்கே எதையெதைத் தாண்டிப் போனோம் என்று உட்கார்ந்து யோசித்தால் நினைவுக்கு வராது. கை தானாகப் போய்ப் பழகிவிட்டது.

கைபேசியில் ஆடுவது வேறு. துருக்கியின் இஸ்மிரில் இருக்கும் பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஒரே ஆட்டத்தில் அவளை ஐந்து முறை வெட்டினார். அன்றைக்குச் சமையலறையில் அவளுக்குத் தானாகப் பாட்டு வந்தது. வெட்டுப்பட்டதில் என்ன சந்தோஷம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். யாரோ ஒருவர் தன்னை ஒரு ஆளாக நினைத்துப் பயந்திருக்கிறார் என்பதுதான் என்று பிறகு பிடிபட்டது. ஆனால் கைபேசிக்கு முகமில்லை. முகம் தெரிகிற ஒருவரோடு, விட்டுக்கொடுக்காமல், விட்டுக்கொடுக்கப்படாமல் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் வந்த ஆசை இது. வைரத்தோடு வேண்டுமென்றால் வீட்டில் புரிந்துகொள்வார்கள். இதை எப்படிச் சொல்வது?

பொள்ளாச்சி கிளப்பும் பேக்கேமன் பலகை வாங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது, ரங்கராஜ் நட்புப் போட்டி ஒன்றை அறிவித்தார். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு ஓர் ஆட்டம். ஏற்பாட்டுக்கு மூன்று மாதமானது. முகூர்த்த நாள் கூடாது, பொள்ளாச்சிச் சந்தை நாள் கூடாது. கொப்பரை வியாபாரியான பொள்ளாச்சித் தலைவர் கதிரேசனுக்கு, தோப்பில் தேங்காய் போடுகிற நாளும் கூடாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அகப்பட்டது. பேனரில் 'நட்பு' பெரிதாகவும் 'போட்டி' சிறிதாகவும் அச்சடிக்கப்பட்டன. கேடயத்தில் என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம் நடந்தது. 'இரண்டாம் பரிசு' என்று எழுதினால் வாங்குகிறவர்கள் மனம் நோகும். ஆகவே ஒன்றில் 'வெற்றிக் கேடயம்', மற்றதில் 'நல்வெற்றிக் கேடயம்' என்று பொறித்தார்கள். எது முதல் பரிசு என்பது பிறகு பொறித்தவருக்கே மறந்துபோனது.

கோவை அணியின் நான்காவது ஆளான சாய்குமார் வால்பாறை எஸ்டேட்டுக்குப் போக வேண்டியதாகிவிட, அந்த இடத்தில் வரலட்சுமியின் பெயர் ஏறியது. மதியச் சாப்பாட்டுப் பொறுப்பும் அவளுடையதுதான் என்பதால், எப்படியும் அங்கே இருப்பாளே என்று சேர்த்தார்கள். அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டாள்.

மூன்று நாள் முன்னால் ரங்கராஜ் அணியை வீட்டுக்கு வரவழைத்துக் கதவைச் சாத்தினார்.

"வந்தவங்களை நம்ம இடத்துல வச்சுத் தோக்கடிச்சு அனுப்புனா நல்லாவா இருக்கும்? எல்லாரும் தோத்துருங்க. ஆனா தோக்கறது தெரியக் கூடாது."

"மொத்தமாத் தோக்கோணுமுங்களா, இல்ல மானத்தோட தோக்கோணுமுங்களா?" என்று ஒருவர் சந்தேகம் கேட்டார்.

"மானத்தோடதான்" என்ற ரங்கராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு ஒண்ணும் சிரமமில்ல. நீ எப்பவும்போல ஆடு, அது போதும்."

எப்பவும்போல. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் மூன்று நாள் சாம்பாருக்குப் பருப்பு எத்தனை படி, இலை எத்தனை கட்டு என்று சமையல்காரரிடம் பேசினாள். மறுப்புச் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது, அவள் அதையும் தாண்டிப் போயிருந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொள்ளாச்சி வேன் கிளப்புக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் நான்கு பேர், மாற்று ஆள் ஒருவர், இளநீர் எட்டுக் குலை, வெல்லம் ஒரு மூட்டை. கதிரேசன் தன் ஆட்களை அறிமுகம் செய்தார். முதல் மூவருக்கும் நேரம் எடுத்துக்கொண்டார்: இவர் இன்னாருடைய மருமகன், இவருக்கு நெகமத்தில் தோப்பு, இவர் பாட்டனும் என் பாட்டனும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போனவர்கள். நான்காவதாக நின்றவள் நாற்பது வயதுப் பெண்.

"டாக்டர் கிருபா. மயக்க மருந்து டாக்டருங்க. ரொம்ப முன்னுக்கு வந்தவங்க" என்றார் கதிரேசன்.

எங்கிருந்து முன்னுக்கு என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அதுவரை "எந்த ஊருங்க, யாரு ஊடுங்க" என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்கள், கிருபாவிடம் மட்டும் "வாங்க டாக்டர், வெயில் சாஸ்திங்களா?" என்றார்கள். கிருபா, "சாஸ்திதானுங்க" என்று சொல்லிவிட்டு நான்காம் பலகையில் போய் உட்கார்ந்தாள். வெயிலைப் பற்றிப் பேசிப் பழகியவள் போலத்தான் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் பலகையில் தலைவர்கள் இருவரும் மோதினார்கள். பார்வைக்கு மோதல் மாதிரித்தான் இருந்தது. அரைமணி நேரத்தில் ரங்கராஜின் ஐந்து காய்கள் தனித்தனியாக நின்றன. கதிரேசனின் ஆறு காய்கள் அதற்குப் பதிலாகத் தனித்தனியாக நின்றன.

"வெட்டுங்க" என்றார் ரங்கராஜ்.

"சேச்சே, நானெங்கீங்க வெட்டறது? நீங்க வெட்டுங்க."

"நீங்க விருந்தாளி. நான் வெட்டலாமுங்களா?"

"உங்க ஊட்டு எலையில திங்கப் போறவன். எனக்குக் கை வருமுங்களா?"

இரண்டாம் பலகையில் ஒருவர் தெரியாத்தனமாக வெட்டிவிட்டு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வெட்டுப்பட்டவர், "நீங்க வெட்டுனதுதான் எனக்குச் சந்தோசம்" என்று அவரை உட்கார வைத்தார். மூன்றாம் பலகையில் இருவரும் காய்களை வீட்டுக்குக் கொண்டு சேர்க்காமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கோவை அணிக்குச் சொல்லப்பட்ட அதே கட்டளை பொள்ளாச்சியிலும் சொல்லப்பட்டிருக்கிறது என்பது வரலட்சுமிக்கு அப்போது விளங்கியது. இரண்டு அணிகளும் தோற்பதற்காகக் கடுமையாகப் போராடிக்கொண்டிருந்தன.

நான்காம் பலகையில் யாரும் பேசவில்லை. கிருபா பகடையை உருட்டினாள், எண்ணினாள், வரலட்சுமியின் காய் ஒன்றை வெட்டி, பலகையை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கட்டையில் வைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

வரலட்சுமிக்குப் பிடிபட்டது. தோற்க வேண்டுமென்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் சொன்ன கதிரேசன் இவளுக்குச் சொல்லவில்லை. இவள் எப்படியும் தோற்பாள் என்று நினைத்திருக்கலாம், அல்லது நினைப்பே வராமலும் இருந்திருக்கலாம்.

இரண்டு முறை உருட்டிய பிறகு கிருபாவின் காய் ஒன்று தனியாக அகப்பட்டது. ஆறும் ஒன்றும் விழுந்திருந்தது, சரியாக ஏழாவது இடம். வரலட்சுமியின் கை அதைத் தாண்டி வேறொரு காயை நகர்த்திவிட்டது. நகர்த்திய பிறகுதான் நகர்த்தியதே தெரிந்தது.

கிருபா பலகையைப் பார்த்தாள். பிறகு முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?"

"தெரியுதுங்க. சும்மா... பரவால்லீங்க."

"எங்க கிளப்புல என் காயை வெட்டாத ஆளே கெடையாதுங்க. அவங்க ஒருத்தரையொருத்தர் வெட்ட மாட்டாங்க, நான் உக்காந்தா மட்டும் எல்லாருக்கும் விதி ஞாபகம் வந்துரும். அதுல ஒரு நல்லது, ஆட்டம் கத்துக்கிட்டேன். இன்னிக்கு நீங்க திடீர்னு மரியாதை பண்றீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

குரலில் சூடு இல்லை. மயக்க மருந்து கொடுக்கும்முன் எத்தனை கிலோ எடை என்று கேட்பதுபோல் கேட்டாள். வரலட்சுமி தான் நகர்த்திய காயைப் பார்த்தாள். தன் பணிவு என்று இத்தனை வருடமாக நினைத்துவந்தது, எதிரே இருப்பவளிடமிருந்து எதையோ திருடுவதாகவும் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கணவரிடமிருந்தும் திருடியிருக்கிறாள். இரண்டு வருடமாக அவர் உண்மையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, பாவம், அது அவருக்குத் தெரியாது.

"அந்தக் காயைத் திருப்பி வைக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"கையெடுத்துட்டீங்களே. வைக்கக் கூடாது. சுவத்துல எழுதி ஒட்டியிருக்குது, பாருங்க."

"நான் எழுதுனதுதானுங்க அது."

"அப்ப நீங்களே மீறலாமுங்களா? உருட்டும்போது பாத்துக்கலாம்."

அடுத்த முறை வரலட்சுமி வெட்டினாள். காயைத் தூக்கி நடுக்கட்டையில் வைத்தாள். கிருபா தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பகடையை எடுத்தாள். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் துரத்தினார்கள். கிருபா கட்டிய சுவரை வரலட்சுமி உடைத்தாள். வரலட்சுமி விரித்த வலையில் கிருபா விழுந்து எழுந்தாள். "அடி ஆத்தீ" என்று ஒருமுறை வரலட்சுமி சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்துப் பலகைக்காரர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தார்கள். ரங்கராஜ் அவள் பின்னால் வந்து நின்று, ரகசியம் என்று வீட்டுத் தெலுங்கில், 'நிதானங்கா, நிதானங்கா' என்றார். கூடத்தில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். அவளுக்குத்தான் அது காதில் விழவில்லை.

முடிவில் வரலட்சுமி முந்தியிருந்தாள். பாதிக்கு மேல் காய்களை வெளியே எடுத்துவிட்டாள். ஆனால் கிருபா தன் இரண்டு காய்களை வரலட்சுமியின் வீட்டுக்குள்ளேயே நகர்த்தாமல் வைத்திருந்தாள். அந்த இரண்டுக்காகவே வரலட்சுமி ஒருமுறை காயொன்றைத் தனியே விட வேண்டியதாயிற்று. நான்கு விழுந்தால் வெட்டு. நான்கு விழுந்தது. வெட்டுப்பட்ட காய் நடுக்கட்டையில் உட்கார்ந்திருக்க, உள்ளே வர வழியில்லாமல் கிருபா தன் வீட்டை அடைத்துவிட்டாள். அடைப்புத் திறப்பதற்குள் கிருபா முந்திவிட, தனக்கு ஒரே ஒரு காய் பாக்கி இருக்கையில் வரலட்சுமி தோற்றாள்.

வயிற்றில் எரிந்தது. நன்றாகவே எரிந்தது. ஆரம்பத்தில் அந்தக் காயை விட்டிருக்கக் கூடாது, இரண்டு உருட்டலுக்கு முன் சேர்த்து வைத்திருக்கலாம் என்று மனம் ஒவ்வொரு இடமாகத் திரும்பிப் போய்ப் பார்த்தது. எல்லா இடமும் நினைவிருந்தது.

மற்ற மூன்று பலகைகளிலும் ஒரு காய்கூட வெளியே வராததால் மூன்றும் சமன் என்று அறிவிக்கப்பட்டன. ஆக, பொள்ளாச்சி வென்றது. கதிரேசனுக்கு வேர்த்துவிட்டது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்ல உட்டுப்போச்சுங்க, அதனால ஜெயிச்சுப்போட்டாங்க" என்றார்.

"அட, நீங்க வேறீங்க!" என்று ரங்கராஜ் அவர் கையைப் பிடித்தார். முகம் முழுக்கப் பெருமை. "எங்க வீட்டம்மாதான் விட்டுக்கொடுத்துட்டாங்க. எத்தனை அழகாத் தோத்தாங்க, பாத்தீங்கல்ல? நெசமா ஆடுற மாதிரியே இருந்துச்சு!"

கூடம் கைதட்டியது. வரலட்சுமி கிருபாவைப் பார்த்தாள். ஜெயித்தவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

வரலட்சுமி எழுந்தாள். "நான் விட்டுக்கொடுக்கலீங்க. தோத்துட்டேன். அவங்க என்னைவிட நல்லா ஆடுனாங்க."

"அடக்கம் பாருங்க" என்றார் மூத்த உறுப்பினர். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

சிரித்துக்கொண்டே எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தார்கள். வரலட்சுமி மட்டும் மறுபடி உட்கார்ந்து, காய்களை ஐந்து, மூன்று, ஐந்து, இரண்டு என்று அதனதன் இடத்தில் அடுக்கத் தொடங்கினாள்.

"டாக்டர், உக்காருங்க. இன்னொரு ஆட்டம்."

"வேன் கெளம்பிருமுங்க."

"நான் சாப்பாடு போடாம எந்த வேனும் கெளம்பாது. எனக்கு எரியுது. உக்காருங்க."

கிருபா கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். "இந்தத் தடவையாச்சும் கண்ணைத் தொறந்துட்டு ஆடுங்க."

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சத்தம் வந்தது. நாற்பது இலை போட்டாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா வந்து உட்காரச் சொல்லாமல் விருந்தாளி உட்கார மாட்டார். விருந்தாளி உட்காராமல் வீட்டுக்காரர் உட்கார மாட்டார்.

"நீங்க உக்காருங்க."

"மொதல்ல நீங்க உக்காருங்க."

"அதெப்படீங்க?"

ரங்கராஜ் வாசலில் வந்து நின்றார். "எல்லாரும் நின்னுட்டே இருக்காங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"வாரேன்னு சொல்லுங்க" என்றாள் வரலட்சுமி, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்றும் ஒன்றும் விழுந்திருந்தது. கிருபாவின் காய் ஒன்று தனியாக நின்றது. அவள் எண்ணிப் பார்த்தாள், இன்னொரு முறை எண்ணினாள், வெட்டினாள்.