முனியாவில் தண்ணீரை ஏற்றுவது யார்

சங்கரி ஒரு கிரகம் கட்டியிருந்தாள். மற்றவர்கள் கதைகளில் கட்டுகிற கிரகங்களில் ஆளுக்கு நாலு கை, தலைக்கு மூன்று கொம்பு என்று தாராளமாக இருக்கும். சங்கரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அவள் கிரகத்தின் வானத்தில் சூரியன் கிடையாது, சந்திரன் கிடையாது, பெயருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. வெளிச்சமெல்லாம் தரையிலிருந்துதான். மண்ணும் சேறும் மரத்தின் வேரும் மினுங்கும். அதனால் நிழல் கீழே விழாது, மேலே மேகத்தில் விழும். புதருக்குள் ஒருவன் ஒளிந்துகொண்டால் வானத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

கிரகத்தின் பெயர் முனியா. அம்மா முனியாயியின் பெயரை வால் நறுக்கி வைத்தது. சங்கரி கடலோர மட்டாஞ்சேரியில் பிறந்தவள். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், எழுதுவதும் மலையாளத்தில்தான். வீட்டில் பேசுவது மட்டும் தேனிப் பக்கத்துத் தமிழ், அதிலும் பாதி மலையாளம். வேற்றுலகப் பெயர்களுக்காக அவள் எங்கும் அலையவில்லை. சொந்தக்காரர்களின் பெயர்களை எடுத்து மலையாளப் பிள்ளைகளிடம் நீட்டினாள். அவர்களும் வானத்திலிருந்து விழுந்த பெயர்கள் என்று வாயைப் பிளந்து படித்தார்கள். கதாநாயகி மாரி. ஊரை ஆட்டிப்படைக்கிற கொடியவன் ஒச்சப்பன். அது அவள் புருஷன் முத்துவேலின் சித்தப்பா பெயர். விஷயம் தெரிந்தால் மனிதர் சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தார்கள். அவரோ புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தான்தான் அந்த வில்லன் என்று சொல்லித் திரிந்தார்.

முத்துவேலுக்கு ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், மிளகுக் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிற வேலை. சங்கரி அதே தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் எடுத்துக் காட்டுவாள். கூட்டமில்லாத நேரங்களில் எழுதித்தான் முனியாவின் முதல் புத்தகம் உண்டானது. கலூரில் இருந்த ஒரு சிறு பதிப்பகம் அதை 2003ல் போட்டது. தொடராக வரும் என்று அட்டையிலேயே அச்சடித்தும்விட்டார்கள். வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

பதிப்பகத்தில் பிள்ளைகள் புத்தகங்களைப் பார்த்துக்கொண்ட ரஜிதா சேச்சி, சங்கரியை அடிமாலிக்கு மேலே மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். முதல் புத்தகத்தில் எல்லாருக்கும் பிடித்த கட்டத்தைச் சங்கரி அங்கே வாசித்தாள். மாரியின் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஒச்சப்பனின் ஆட்கள் கரையோரம் ஓடி வருகிறார்கள், அவர்களின் நிழல்கள் மேகத்தில் நீண்டுகொண்டே வருகின்றன. மாரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். தண்ணீர் மெல்ல ஏறுகிறது. படகு அசைகிறது, மிதக்கிறது, போயே போய்விட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டாத ஒரே பெண் எழுந்து நின்றாள். பெயர் அஞ்சு, ஆறாம் வகுப்பு.

"சேச்சீ, அவிடெ வெள்ளம் ஏற்றுந்நது ஆரா?"

அங்கே தண்ணீரை ஏற்றுவது யார்? கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும் சூரியனும் சந்திரனும் இழுப்பதால்தான் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முனியாவில் இரண்டுமே இல்லையே? அஞ்சு மரியாதையாகத்தான் கேட்டாள். சங்கரி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். ரஜிதா ஏதோ சொல்லிச் சமாளித்துக் கூட்டத்தை முடித்துவைத்தாள்.

மட்டாஞ்சேரியில் பிறந்த யாராக இருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். காலையில் படகுத்துறையில் படகுக்குள் கால் வைக்கும்போது கீழே இறங்க வேண்டியிருந்தால், திரும்பி வரும்போது மேலே ஏற வேண்டியிருக்கும். சில மாதங்களில் ஓடை நீர் தானாகப் பொங்கி வாசல்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் அவரவர் வேலைக்குப் போவார்கள். தண்ணீர் என்றால் ஏறும், இறங்கும். ஏன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. வானத்தைத் துடைத்துக் காலியாக்கிய சங்கரிக்கு, தண்ணீர் அந்த வானத்தை நம்பி இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. மலைக்காட்டுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

கேள்வி பதிப்பகத்துக்கும் வந்து சேர்ந்தது. உரிமையாளர் வெங்கடேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழர், ஓட்டை உள்ள புத்தகம் தன் பெயரில் வெளியே போவதைப் பொறுக்காதவர். ஒரு சந்திரனைச் சேர்த்து மறுபதிப்பு போட்டுவிடலாம் என்றார். சங்கரி முடியாது என்றாள். சந்திரன் வந்தால் நிழல் மேலே விழாது, முனியாவே இல்லை. அப்படியானால் தண்ணீர் ஏறுவதை எடுத்துவிடு என்றார். அதை எடுத்தால் மாரி சேற்றிலேயே பிடிபடுவாள், கதையே இல்லை. கடைசியில் அவர் தன் முடிவைச் சொல்லிவிட்டார். கோடை விடுமுறையில் கலூரில் பிள்ளைகளைக் கூட்டப் போகிறோம், அந்த அடிமாலிப் பெண்ணையும் அழைக்கப் போகிறோம். இரண்டாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அங்கே வாசி. பிள்ளைகள் ஒப்புக்கொண்டால் தொடர் உன்னுடையது. இல்லாவிட்டால் முனியாவை மூடிவிட்டு, ஒரு கல்லூரி வாத்தியாரை வைத்து வேறு கிரகம் ஆரம்பிப்போம்.

 வாடகை வீட்டிலேயே வளர்ந்து வாடகை வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் சங்கரி. தன்னுடையது என்று அவள் அடித்தளம் போட்டு எழுப்பிய ஒரே இடம் முனியாதான். அதைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

ராட்சத ஆமை ஒன்று கடலுக்கடியில் மூச்சு விடுவதாக எழுதிப் பார்த்தாள். ரஜிதா கொட்டாவி விட்டாள். காற்றை ஊதவிட்டாள், பூமியைப் பிளந்தாள். எதுவும் நிற்கவில்லை. அடுப்படியில் அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் முத்துவேல் வழி சொன்னான்.

"சாமி ஏத்துறாருன்னு எழுதிட்டுப் போ புள்ள. அங்க யாரு போய்ப் பாக்கப் போறா?"

 அவள் கப்பைக் கிழங்கை வேண்டிய அளவுக்கு மேல் மசித்துக்கொண்டிருந்தாள்.

மட்டாஞ்சேரிக் குழாயில் குடிதண்ணீர் நினைத்தபோதெல்லாம் வராது. முறை வைத்துத் திறப்பார்கள். ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். ஒரு காலையில் சங்கரியின் குடம் பாதி நிறைந்திருந்தபோது தண்ணீர் நூலாக இளைத்து நின்றுபோனது. பின்னால் நின்ற பேச்சியக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கத்துக்காரிகளுக்குத் திருப்பிவிட்டுட்டான். நம்ம வெள்ளத்தக் கொண்டுபோய் அவளுக கொட்டிக்கிறாளுக."

பிறந்ததிலிருந்து கேட்ட வசவு. சங்கரியும் சேர்ந்து திட்டியிருக்கிறாள். அந்தப் பக்கத்துக்காரிகள் என்பவர்கள் யார், எப்படி இருப்பார்கள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. குடத்தைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யக்கா, நேத்து அங்க குடம் வச்சுக்கிட்டு நின்னவளுக்கு நாமதான அந்தப் பக்கத்துக்காரி?"

பேச்சியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். எழுதி எழுதி இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தீர்மானித்து, தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள். சங்கரி அதற்குள் முனியாவுக்குப் போய்விட்டாள்.

அங்கே தண்ணீர் இறங்குவதே இல்லை. போகிறது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிறது. முனியாவின் நடுவில் ஒரு மலைச்சுவர் இருக்கிறது. இந்தப் பக்கம் மாரியின் ஆட்கள், அந்தப் பக்கம் வேறு ஆட்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருப்பது ஒரே தண்ணீர். இங்கே வற்றும்போது அங்கே நிறைகிறது. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது.

இதுவரை சரி. சுவரைத் தாண்டித் தண்ணீரை ஏற்றுகிற சக்தி எது? அதற்கான பதில் அவள் வேலை பார்த்த கடையிலேயே நின்றுகொண்டிருந்தது. குட்டநாட்டு வயல்களில் ஆட்கள் மேலே உட்கார்ந்து காலால் மிதித்துத் தண்ணீர் இறைத்த பழைய மரச்சக்கரம் ஒன்று, வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக வாசலில் கிடந்தது. அன்று அதைத் துடைக்கும்போது, மிதிபலகைகள் தேய்ந்து வழவழப்பாக இருப்பது அவள் கையில் பட்டது. எத்தனை கால்கள் மிதித்திருக்கும்! அந்த நிமிஷம் அவளுக்கு ஒச்சப்பன் நினைவுக்கு வந்தான். முதல் புத்தகத்தில் ஒச்சப்பன் ஊர் ஊராக ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிறான். மாரியின் அப்பாவையும் பிடித்துப் போகிறான். எதற்கு? எழுதும்போது அவளுக்கே தெரியாது. கொடியவன் என்றால் ஆளைப் பிடிக்க வேண்டுமே என்று எழுதியதுதான்.

இப்போது தெரிந்துவிட்டது. சுவருக்குள் வரிசை வரிசையாகச் சக்கரங்கள். பிடிபட்டவர்கள் மிதிக்கிறார்கள். ஒரு முறை இந்தப் பக்கத்துக்கு, மறுமுறை அந்தப் பக்கத்துக்கு. தண்ணீரைக் கையில் வைத்திருப்பதால்தான் ஒச்சப்பன் ராஜா. சூரியன் இல்லாத ஊரில் மாரி 'நாளைக்கு' என்று எப்படிச் சொன்னாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதற்கும் பதில் வந்துவிட்டது. தண்ணீர் ஏறி இறங்கினால் ஒரு நாள். கிரகத்தின் ஒவ்வொரு பலகையும் இன்னொரு பலகையில் போய்ப் பொருந்தியது.  சந்தோஷ மிகுதியில் சங்கரி, சாமான் விலை கேட்டு நின்ற வெள்ளைக்காரரிடம், நாளை வாருங்கள் என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கலூரில் ஒரு வாசகசாலைக் கூடத்தில் பிள்ளைகள் கூடினார்கள். மட்டாஞ்சேரி, இடப்பள்ளி என்று பல பக்கங்களிலிருந்து வந்திருந்தார்கள். அஞ்சு தன் அப்பாவோடு மலையிறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஸ்வரன் ஓரமாக நாற்காலி போட்டுக் கைகட்டி அமர்ந்தார். மலையாளப் புத்தகம் ஒரு வரி படிக்காத முத்துவேலும் அரைநாள் லீவு போட்டு வந்து கடைசியில் நின்றான்.

சங்கரி வாசித்தாள். இசக்கி என்ற பெண் தன் படகில் போய்க்கொண்டிருக்கிறாள், திடீரென்று தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்கிறது. அவள் மாரி இல்லை. சுவரின் அந்தப் பக்கத்துப் பெண். மாரியின் படகு மிதந்து தப்பிய அதே நேரத்தில் இவள் படகு தரை தட்டியது. பிறகு கதை சுவருக்குள் நுழைந்தது. சக்கரங்களும் கால்களும் வந்தன. கடைசிச் சக்கரத்தில் ஒரு மனிதர் கால் வெடித்து ரத்தம் வர வர மிதித்துக்கொண்டிருந்தார். தான் ஏற்றுகிற தண்ணீரில்தான் தன் மகளின் படகு மிதந்தது என்பது மாரியின் அப்பாவுக்குத் தெரியாது.

வாசித்து முடித்தபோது கைதட்டல் இல்லை.  அஞ்சு எழுந்தாள். மாரி அப்பாவை விடுவித்தால் சக்கரம் நின்றுவிடுமே, அப்புறம் ஒரு பக்கம் காய்ந்து செத்துப்போகுமே என்றாள். அப்பாவை அப்படியே விட்டுவிடச் சொல்கிறாயா என்று இடப்பள்ளிப் பையன் ஒருவன் எகிறினான். அவ்வளவுதான், கூடம் இரண்டாக உடைந்தது. குழாயடி அனுபவம் உள்ள மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் இசக்கி பக்கம் சேர்ந்துகொண்டு அவளுக்கும் தண்ணீர் வேண்டும் என்றார்கள். தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். பாதித் தண்ணீரில் இரண்டு பக்கமும் ஒரு படகும் ஓடாது என்று நாலைந்து பேர் அவளை மடக்கினார்கள். முனியா நிஜமா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. அதன் சட்டங்களை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்து முத்துவேல் தமிழில் குரல் கொடுத்தான். அப்பன்காரனை முதலில் வெளியே கொண்டுவரணும், மற்றதெல்லாம் பிறகு என்றான். கைகட்டி இருந்த வெங்கடேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அதெப்படிங்காணும்? அந்தப் பக்கத்துப் பொண்ணு சேத்துல கெடக்காளே, அவ என்ன பாவம் பண்ணினா?"

"சாரு, நீங்க ஒரு நாளு அந்தச் சக்கரத்த மிதிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க" என்றான் முத்துவேல்.

முதலாளியும் மூட்டைக்காரனும், இல்லாத ஒரு ஊரின் தண்ணீருக்காக நேருக்கு நேர் நின்றார்கள்.  அப்போது அஞ்சு தயங்கித் தயங்கி, தனக்குள்ளேயே கணக்குப் போடுகிறவளாக மெல்லச் சொன்னாள். இரண்டு பக்கத்து ஆட்களும் முறை வைத்து மிதித்தால் என்ன? யாரையும் பிடித்துவைக்க வேண்டாமே. அப்புறம் ஒச்சப்பன் எதற்கு?

 வெங்கடேஸ்வரன் தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார், முத்துவேலைப் பார்த்தார், பிறகு கையை உயரத் தூக்கினார்.

"நான் ஒரு முறை மிதிக்கறேன். எழுதிக்கோ."

கூடம் அதிர்ந்தது. நான், நான் என்று எல்லாக் கைகளும் மேலே போயின. மூன்றாம் புத்தகத்தில் மாரி சக்கரங்களை அடித்து நொறுக்குவதாகச் சங்கரி முடிவு வைத்திருந்தாள். எவ்வளவு மட்டமான முடிவு என்று இப்போது நினைத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பிள்ளைகள் மேடையைச் சூழ்ந்துகொண்டு, எந்தப் பக்கத்துக்கு யார் முதலில் மிதிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.