மூத்தவர் வரும்வரை

வேட்டியைச் சுற்றி இறுக்குவதற்காக யோகமலர் அப்பாவின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்தபோது, ஏழு நாள் குளிர் அவளுடைய முழங்கைவரை ஏறியது. நடக்க முடிந்த நாளில் ஆடி மாதத்திலும் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு மல்வேர்னில் நடந்து திரிந்த மனிதர். பஸ்ஸில் ஏசி போட்டால் ட்ரைவரோடு தமிழில் சண்டை பிடிப்பார். அவரைத்தான் பியூனரல் ஹோமின் குளிரறையில் வைத்திருந்தார்கள். மூத்த மகன் உல்லாசக் கப்பலில் இருந்து இறங்கி வரும்வரைக்கும்.

"கையைப் பிடி பிள்ளை, சட்டையைப் போடுவம்" என்றார் சித்தப்பா சிவபாதம். அப்பாவின் தம்பி. செத்தவீடு என்றால் அவர்தான் நடத்துவார். நடத்துவது என்றால், மற்றவர்களை நடக்க விடாமல் செய்வது.

அப்பா போன அன்றே யோகமலர் அவரிடம் கேட்டிருந்தாள். "சித்தப்பா, நான் கொள்ளி வைக்கிறன். அப்பாவைக் குளிருக்கை போட்டு வைக்க வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதை. தேப்பனுக்கு மூத்தவன்தான் வைக்கிறது. அவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை பொம்பிளைப்பிள்ளை கொள்ளி வைக்கிறதோ?"

"அவர் கடலுக்கை எல்லோ நிக்கிறார்."

"வரட்டும். உன்ர அண்ணன் வருமட்டும் வைச்சிருக்க இந்த நாட்டிலை வசதி இருக்குத்தானே."

வசதி இருந்தது. அதுதான் பிழை.

அண்ணன் பத்மநாதன் லண்டனில் என்ஜினியர். அப்பாவை மூன்று வருடம் குளிக்க வார்த்ததும், மலசலகூடத்துக்குத் தூக்கிப்போனதும் மலர். ஆனாலும் மாதத்தில் ஒருநாள் லண்டனில் இருந்து வருகிற ரெலிபோன்தான் அப்பாவுக்கு மருந்து. கப்பல் பயணம் நிச்சயமானதும் மனுசனைப் பிடிக்க முடியவில்லை. மலர் சக்கரக் கதிரையில் தள்ளிப்போகும் ஷொப்பிங் மோலில், வாங்கில் இருக்கிற கிழவர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "என்ர மூத்தவன் சவுத்தாம்ரனிலை கப்பல் ஏறுறான். அரசர் காலத்து மதில் இன்னும் நிக்கிற ஊராம். முதல்நாளே போய் ஹோட்டலிலை தங்கி, மதிலுக்கு மேலை நடந்து பாத்திட்டுத்தான் ஏறுவினமாம்." தான் நடப்பது போலவே சொல்வார். கழிவறைக்கு நடக்க அவருக்கு மகள் வேண்டும்.

கடைசி நாளும் அதே கதைதான். மலர் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோக, "கப்பல் இப்ப எவடத்தை நிக்கும்?" என்று கேட்டார். "எனக்கென்னெண்டு தெரியும், வாயைத் திறவுங்கோ" என்றாள். திறந்தார். பின்னேரம் போய்விட்டார். அவள் மனதில் கிடந்து அறுப்பது அந்தக் கேள்விதான். தன்னைப் பற்றி ஒரு சொல்லுமில்லை.

ஞாயிறு செத்தார். திங்கள் கப்பல் கொம்பனி மூலம் செய்தி போனது. அன்றே கப்பலில் இருந்து அண்ணன் ரெலிபோன் எடுத்தான். இரைச்சலுக்குள்ளே குரல் வந்தது. "நடுக்கடலிலை நிக்கிறம் மலர். நான் என்ன செய்ய, குதிக்கவோ? வைச்சிருங்கோ, வந்திடுவன்."

இப்போது வந்துவிட்டான். மண்டபத்து வாசலில் நின்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் கப்பல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளிறியிருக்க, மற்ற முகம் அடுப்பில் வாட்டியது போலிருந்தது.

"டின்னருக்குக் கோட் போடாமல் உள்ளுக்கு விடமாட்டாங்கள் கண்டியளோ. ஒரு ஒழுங்கு."

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒழுங்கு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

அண்ணனின் மனைவி, மச்சாள் வசுமதி, மலரைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு பொதியைக் கையில் திணித்தாள். பிரித்தால் சேவல் படம் கீறின பீங்கான் தட்டு.

"உமக்குத்தான். லிஸ்பனிலை வாங்கினது."

"லிஸ்பனிலை எப்ப இறங்கினனீங்கள் மச்சாள்?"

"செவ்வாய்க்கிழமை. முதல்நாள் உம்மட செய்தி வந்ததிலை இருந்து இவருக்கு மனமே சரியில்லை. வாங்கோ, இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஆறும் எண்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனன்." மச்சாள் பெருமூச்சு விட்டாள். "பாவம், பிறகும் ஒரு இடமும் போகேல்லை. மேல்தட்டிலை வெய்யிலுக்கை படுத்தபடிதான்."

லிஸ்பனில் விமான நிலையம் இல்லையா என்று மலர் கேட்கவில்லை. தட்டைத் திரும்பச் சுற்றிக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். அப்பாவின் நெற்றித் திருநீறு கலைந்திருந்தது. சரி செய்தாள்.

கிரியை தொடங்கியது. கார்ப்பெற் நனையாமலிருக்கப் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்ரிக் விரித்திருந்தார்கள். ஐயர் அவசரத்தில் இருந்தார். அடுத்த மண்டபத்திலும் அவருக்கு வேலை. "கடமை செய்யிறவர் மேலைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார்.

பத்மநாதன் சட்டையைக் கழற்றினான்.

மண்டபம் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டது. இரண்டு தோளும் முதுகும் வெந்து, தோல் சுருள்சுருளாக உரிந்துகொண்டிருந்தது. மேலே பூசிய கிறீம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. நடுக்கடலில் நின்று தவித்த மகனின் துக்கம், எல்லாரும் பார்க்கும்படி முதுகில் எழுதியிருந்தது.

சித்தப்பா தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தூக்கி அவன் இடது தோளில் வைத்தார். பத்மநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"சித்தப்பா, எடுங்கோ, எடுங்கோ. கீழை ஒரு துவாய் வைச்சால் என்ன?"

"கொள்ளிக்குடத்துக்குத் துவாயோ? மற்றத் தோளிலை வை."

"அதுவும் உரிஞ்சுபோய்க் கிடக்கு."

"சண் பேர்ண் சித்தப்பா, வெய்யில் எரிச்சுப்போட்டுது" என்று முன்வரிசையில் இருந்து வசுமதி விளங்கப்படுத்தினாள். "கப்பல் டொக்ரர் ஒண்டும் முட்டக்கூடாது எண்டவர்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமலா, சிரிப்பா என்று தெரியவில்லை. குடத்தை அணைத்துப் பிடித்தபடி சித்தப்பா நின்றார். குடம் சரிந்து, தண்ணீர் அவருடைய வேட்டியில் சிந்தியது. இத்தனை செத்தவீடு நடத்தியவருக்கு இதற்கு ஒரு வழி தெரியவில்லை.

மலர் பிளாஸ்ரிக்கில் கால் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள்.

"இஞ்சை வையுங்கோ."

"மலர், சனம் பாக்குது."

"பாக்கட்டும் சித்தப்பா. அப்பா ஒரு கிழமையாக் குளிருக்கை கிடக்கிறார்."

சித்தப்பா ஐயரைப் பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பிள்ளைதானே, சுத்தட்டும்" என்றார்.

குடம் ஏறியது. அப்பாவைவிடப் பாரம் குறைவு. ஒவ்வொரு சுற்றுக்கும் சித்தப்பா பின்னால் வந்து கத்தியால் குடத்தில் ஒரு துளை கொத்தினார். தண்ணீர் பீறிட்டு அவளுடைய கழுத்தில் விழுந்து, ரவிக்கையை நனைத்து, முழங்கையால் வழிந்தது. பத்மநாதன் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றான். அவனைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எரியூட்டும் கட்டடம் அடுத்த வாசலில் இருந்தது. குடும்பத்தவர் சிலர் மட்டும் போனார்கள். பெட்டி உள்ளே போய் இரும்புக் கதவு மூடியதும், சீருடை போட்ட வெள்ளைக்காரன் சுவரில் இருந்த பச்சைப் பொத்தானைக் காட்டிவிட்டு விலகி நின்றான். பழக்கதோசத்தில் சித்தப்பாவின் கை பத்மநாதனின் முதுகைத் தள்ளப் போனது. கிறீம் பூசிய தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, திரும்பி வந்தது.

"நீ அமத்து பிள்ளை" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மலர் அமத்தினாள். சுவருக்குப் பின்னால் ஏதோ உறுமத் தொடங்கி, பிறகு ஒரே சீராக இரைந்தது. சித்தப்பா கைகூப்பினார். அண்ணன் மூக்கை உறிஞ்சினான்.

அவளுடைய கை ஈரம் பொத்தானில் பட்டிருந்தது. வெளியே அடுத்த செத்தவீட்டுக்காரர் தங்கள் பெட்டியோடு காத்து நின்றார்கள். மலர் சேலைத் தலைப்பின் காய்ந்த நுனியைத் தேடி எடுத்து, பொத்தானைத் துடைத்துவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டாள்.