இரண்டு திருத்து

போர்டில் 'மஃரிப்' என்று அந்தித் தொழுகைக்கான பச்சை எழுத்து ஒளிர்ந்தபோது சாய்ந்தமருதில் சூரியன் மறைந்திருக்கவில்லை. ஜெனூபாவின் வீட்டு அடுப்படி யன்னலால் பார்த்தால் மேற்கே வயலும், அதற்கப்பால் தென்னைகளும் தெரியும். தென்னைகளுக்கு மேலே சூரியன் ஆறுதலாக உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் கிடந்த போர்டுக்குத்தான் அவசரம்.

"மச்சான், உங்கட போர்டு பொய் சொல்லுது."

"குடுக்கிறதத்தான் போர்டு காட்டும். நேரம் கணிக்கிறது நீதானே?" என்றான் ஸஜாத். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவன் கீழே வைக்கவில்லை.

புருசனும் பெண்சாதியும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. பள்ளிவாசலில் மாட்டுவதற்கான தொழுகை நேரப் போர்டு. விளக்கும் கடிகாரமும் அவனுடைய பொறுப்பு. சூரியனைப் பார்த்து நேரம் கணிப்பது அவளுடைய பொறுப்பு. ஆளுக்கொரு லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, எழுதி, இரண்டையும் ஒரே புரோகிராமுக்குள் ஏற்றியிருந்தார்கள். நோன்புக்கு முன்னர் பள்ளி இதை எடுத்துக்கொண்டால் நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பள்ளிகளும் கேட்கும். அப்படிக் கேட்டால் ஸஜாத் மறுபடியும் கட்டாருக்குப் போகத் தேவையில்லை. கேட்காவிட்டால் அடுத்த கிழமை விமானம். டிக்கட்டும் போட்டாயிற்று.

போகாதீங்க என்று ஜெனூபா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுவான் என்று தெரியும். தன் வாய்ச்சொல்லுக்காக நின்றுவிட்டு, பிறகு வீட்டுக்குள் முகம் வாடித் திரிவானோ என்ற பயம் அவளுக்கு. அவனாக நிற்க வேண்டும். அதற்கு இந்தப் போர்டு சரியாக ஓட வேண்டும். ஆனால் போர்டோ சூரியன் இருக்கும்போதே நோன்பு திறக்கச் சொல்கிறது. ஊரே நம்பித் திறந்தால் யார் பாவம் சுமப்பது?

அடுத்த நாள் காலை இரண்டு பேரும் மடிக்கணினியும் முகமுமாக உட்கார்ந்தார்கள். அவளுடையதைத் தனியே ஓட்டினால் மஃரிப் சரி. அவனுடையதைத் தனியே ஓட்டினால் கடிகாரம் சரி. சேர்த்து ஓட்டினால் கூத்து. பின்னேரம் சீனிமுகம்மது ஹாஜியார் பள்ளி சார்பில் பார்க்க வருகிறார். ஜெனூபாவின் உம்மா ஸுலைஹா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இது வாய் கொடுக்கிற நேரமில்லை என்று போய்விட்டார்.

புரோகிராம் தொடங்கும்போது எந்தப் பங்ஷனின், அதாவது எந்தச் சிறு கட்டளைத் தொகுதியின், பெயரை எங்கே கண்டுபிடிக்கிறது என்பதை வரிவரியாகக் காட்டும்படி ஜெனூபா கேட்டாள். வரிகள் ஓடின. ஓரிடத்தில் அவளுடைய விரல் நின்றது.

"மச்சான், நீங்களும் 'திருத்து' எண்டு ஒரு பங்ஷன் வெச்சிருக்கீங்களா?"

"ஓம். என்ட கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடும். அதக் கழிக்கிறதுக்கு. ஏன்?"

"நானும் வெச்சிருக்கன். சூரியன் மறைஞ்ச நேரத்தோட பேணுதலுக்கு ரெண்டு நிமிசம் கூட்டுறதுக்கு."

ஸஜாத் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இங்கிலீஷ்ல வெச்சா உலகத்தில ஆரும் அந்தப் பேர வெச்சிருப்பாங்க எண்டுதான் நான் தமிழ்ல வெச்ச," என்றான்.

"நானும் அதுக்குத்தான்!"

உலகத்தில் எவனோடும் மோதக்கூடாது என்று இரண்டு பேரும் கெட்டித்தனமாக யோசித்து, ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்டார்கள். லைப்ரரிக்குள் இருக்கும் பெயர்களை வெளியே தெரியும்படி விட்டால் இதுதான் கதி. கல்முனைச் சந்தையில் நின்று 'நஸீர்' என்று கூப்பிட்டால் முதலில் திரும்புகிற நஸீர்தான் வருவான். கூப்பிட்டது அவனுடைய உம்மாவா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஜெனூபாவின் லைப்ரரி தன் சொந்தத் திருத்தைக் கூப்பிட்டபோதும், முதலில் ஏறியிருந்த ஸஜாத்தின் திருத்து வந்து நின்றது. கூட்ட வேண்டிய இடத்தில் அது கழித்துவிட்டுப் போனது.

"லேசு. உன்ட லைப்ரரிய முதல்ல ஏத்துவம்," என்றான் ஸஜாத்.

"அப்ப உங்கட கடிகாரம் என்ட திருத்தக் கூப்பிடும். இன்னும் வேகமா ஓடும்."

அவன் கேட்கிற ஆளா? மாற்றி ஏற்றிப் பார்த்தான். மஃரிப் திருந்தியது, கடிகாரம் போனை முந்திக்கொண்டு ஓடியது. ஜெனூபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவனே முதலில் சிரித்துவிட்டான்.

"சரி, தோத்திட்டன். ஆர்ர பேர மாத்துற?"

"ஒருத்தர்ர பேரயும் மாத்தத் தேவல்ல. நாளைக்கு வேறொரு பேர் முட்டும். எல்லாத்தையும் உள்ளுக்க போட்டு மூடுவம். வெளிய கூப்பிடுற பேர மட்டும் திறந்து விடுவம்."

அவன் தன் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாமே முக்கியமென்று நினைத்திருந்தவன். கடைசியில் மூன்றுதான் வெளியே தேவைப்பட்டன. அவளுக்கு இரண்டு போதுமாயிருந்தது. மற்றவற்றை மூடி, புதிதாகத் தொகுத்து ஓட்டினார்கள். ஒரே புரோகிராமுக்குள் இரண்டு திருத்தும் இருந்தன. ஒன்றின் வேலையில் மற்றது தலைபோடவில்லை. ஸஜாத் மெல்ல, "நல்லாத்தான் செய்றாய் புள்ள," என்றான். ஜெனூபாவுக்குக் காது சூடாகிவிட்டது.

அசர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் ஹாஜியார் வந்தார். நேரங்களையெல்லாம் பள்ளி அட்டவணையோடு ஒப்பிட்டார். அதுவும் போதாதென்று, அடுப்படி யன்னலுக்கே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஸுலைஹா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி சூரியனைக் காவல் காத்தார். சூரியன் தென்னைகளுக்குள் இறங்கி மறைந்தது. போர்டு பேசாமல் இருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் பச்சை எழுத்து வந்தது. அதோடு சேர்ந்து அடுத்த ஒழுங்கைப் பள்ளியில் பாங்கும் கேட்டது.

"மாஷா அல்லாஹ். எடுக்கிறம்," என்று எழும்பி, வாசலில் செருப்பை மாட்டினார். பிறகு திரும்பினார். "ஒண்டு கேக்கணும். முந்தி வாங்கினது நோன்புக்குள்ள பழுதாகி, திருத்துற ஆக்கள் பெருநாள் முடிஞ்சுதான் வந்த. இது பழுதானா ஆரக் கூப்பிடுற?"

'என்னை' என்ற சொல் ஜெனூபாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுக்குத் திருத்தத் தெரியும், சொன்னால் பொய்யுமில்லை. ஆனால் ஹாஜியார் பார்த்துக்கொண்டிருந்தது ஸஜாத்தை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஸஜாத் போர்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னக் கூப்பிடுங்க ஹாஜியார். நான் இஞ்சதான் இருப்பன்."

"கட்டாருக்கு டிக்கட் போட்டாச்செண்டு கதச்சாங்களே தம்பி?"

"அத நாளைக்கு வேணாமெண்டு சொல்லிருவன். வாங்க, தொழுகைக்கு நேரமாகுது."

இரண்டு பேரும் பள்ளிக்கு நடந்தார்கள். ஜெனூபா அடுப்படிக்குள் வந்து, ஹாஜியார் உட்கார்ந்திருந்த கதிரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஏன்கா புள்ள அழுறாய்? போர்டு சரிவரல்லயா?" என்று ஸுலைஹா பதறினார்.

"மச்சான் போகல்லயாம், உம்மா."