மோட்டார் கொட்டகைப் பூட்டு

மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. அப்படியும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு வந்தேன். ஆற்றுத் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எட்டவில்லை; சம்பா நாற்றங்கால் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. மும்முனைக் கரண்ட் மத்தியானத்தோடு போய்விடும். இன்றைக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் நாற்று கருகும். மறுபடி தெளிக்க விதைநெல் இல்லை. கொட்டகைக் கதவிலோ அமிர்தலிங்கம் அண்ணனின் பூட்டு.

அவர் பெரியப்பா மகன். போர்க்கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. யார் முறையோ அவர்கள் பூட்டு தொங்கும். வரப்புத் தகராறில் பேச்சு நின்று வெகுநாளாகிறது. தன் வயலுக்குப் பாய்ச்சி முடித்து, முறை நாள் தீருமுன்னே பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார்.

"கடப்பாரையக் கீழ போடுங்க" என்றாள் வானதி.

என் மனைவி. நடவுக்குப் போய்வந்த அலுப்போடு பூட்டு திறந்து பார்ப்பாள். அது அவளுக்குப் பொழுதுபோக்கு, போனில் பார்த்துப் பிடித்துக்கொண்டது. காயலான் கடைப் பூட்டுகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்காருவாள். லீவர் பூட்டுக்கென்றே ஒரு கருவி வரவழைத்திருந்தாள். மெல்லிய குழாய், அதற்குள் ஒரு கம்பி. குழாய் பூட்டின் நாக்கைத் தள்ளிப் பிடித்திருக்கும். கம்பி உள்ளே இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கும். எந்த வீட்டில் கன்னம் வைக்கப் போகிறாள் என்று டீக்கடையில் கேட்பார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

உடையவர் சொல்லாமல் எந்தப் பூட்டையும் தொடமாட்டாள். அங்கேயே நின்று அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, பூட்டு உங்களோடது. நீங்க சொன்னாதான் கை வைப்பேன்."

மங்களாம்பிகை அண்ணி நேராகக் கேட்டார்: "தொறந்துடுவியா?"

"தெரியலக்கா. கதவுல தொங்குற பூட்ட நான் தொட்டதில்ல."

"உடைக்காம தொற. உன் வீட்டுக்காரரு கையில கடப்பாரை இருக்கும், அத மொதல்ல வாங்கி வை."

கருவி உள்ளே போயிற்று. ஒரு தகடும் அசையவில்லை. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற ஆள் அண்ணன். அதில் நெல் தூசி படிந்து உள்ளே களியாகியிருந்தது. பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்துவரச் சொல்லிச் சொட்டுச்சொட்டாக விட்டாள். கறுப்பாக வடிந்தது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார் என்றேன்.

"அழுத்துனா வராது. பேசாம இருங்க."

அவள் பூட்டைப் பார்க்கவே இல்லை. கண் எங்கோ வயலில் இருந்தது, கவனம் முழுக்க விரல்நுனியில். ஒரு தகட்டைக் கூடுதலாகத் தூக்கிவிட்டாள். பிடித்து வைத்திருந்ததெல்லாம் விழுந்தது. முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பலத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் நான். இவ்வளவு கொஞ்சப் பலத்தில் ஒரு கை இவ்வளவு வேலை செய்து பார்த்ததில்லை.

பூட்டு வாய் திறந்தபோது பெரிய சத்தமில்லை. அவள் கம்பி கீறிய பெருவிரலைச் சூப்பிக்கொண்டே சுவிட்சைப் போட்டாள்.

கரண்ட் நிற்கும்வரை மோட்டார் ஓடியது. வெடிப்புகளில் இறங்கிய தண்ணீர் குமிழ் குமிழாக மேலே வந்தது. பூட்டை மாட்டி அழுத்தி, இழுத்துப் பார்த்து, அண்ணிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். இன்றைக்குப் பாய்ச்சியது அவர்கள் முறைத் தண்ணீர். அமிர்தலிங்கம் அண்ணன் வீட்டுக்கு நாங்கள் ஒரு முறைத் தண்ணீர் பாக்கி.